இறுக்கிய பிறகும் ஆடிய கை

சிட்னி, 1988

அப்பாவுக்குப் பெருமாளின் கும்பிடு. அம்மாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நம் தீவில், தவுவா ஊரில் கரும்பு வெட்டு தொடங்கியிருக்குமே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே பட்டறையில் ஒரு வேடிக்கை. பழைய லாரி ஒன்றின் ஸ்டியரிங் பெட்டியில் ஆயில் ஒழுகியது. ஒழுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, ஸ்டியரிங்கின் வெற்று ஆட்டம் போக இறுக்கினேன். ஓட்டிப் பார்த்தால் நேர் ரோட்டில் வண்டி நெளிகிறது. பக்கத்தில் இருந்த முதலாளி, அவரும் நம் தீவின் சிகடோகா ஊர்க்காரர், "குடிச்சிருக்கியாடா?" என்று கத்திவிட்டார். பெட்டியில் குறையே இல்லை. நம் கரும்பு லாரியில் ஸ்டியரிங்கைக் கால் சுற்று சுற்றினால்தானே சக்கரம் திரும்பும்? அந்தப் பழக்கத்தில் என் கை இன்னும் ஆடுகிறது.

"கொஞ்ச நாள்ல கை மறந்துடும்" என்றார் முதலாளி. மறந்துவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

தம்பி கிரிஷிடம் சொல்லி நம் லாரியையும் இறுக்கிவிடுங்கள். ஆட்சியைப் பிடித்த பட்டாளம் ரோட்டில் நிற்கும் காலத்தில் வண்டி நெளிந்தால் வம்பு. ஆனால் முதலில் நம் கரும்புக் காட்டுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். உங்கள் கையும் ஆடும்.

அம்மாவிடம் கொஞ்சம் புளி அனுப்பச் சொல்லுங்கள். பட்டறை திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

எப்படி ஆடியது என்று எழுதுங்கள் அப்பா. சேர்ந்து சிரிக்க இங்கே எனக்கு ஆளில்லை.

பெருமாள்