இடம் விட்டு எடுத்த படம்

ஹட்டன்,
2025 ஜூன் 4.

அன்பின் ஜெரோஷனுக்கு,

பழக்கதோஷத்தில் ‘அன்பின்’ என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை, இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பா செபமாலை மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நடந்தே போய் வருகிறார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மழை தொடங்கிவிட்டது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். பன்னிரண்டு நாட்களாக நான் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் நீல டிக் இரண்டும் ஒழுங்காக விழுகிறது, பதில்தான் வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்கிறது. நம் தோட்டத்து லயத்து வீட்டு ஆண்டியப்பன் வருகிற செவ்வாய்க்கிழமை டோகாவுக்குப் பறக்கிறான். உன் அறைக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கடிதத்தில் நீல டிக் கிடையாது, படித்தாயா படித்தாயா என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலையாவது எனக்கு மிச்சம்.

ஸ்டூடியோ நன்றாகத்தான் ஓடுகிறது. மே மாதம் முழுவதும் ஒரு நாள் சும்மா இருக்கவில்லை. பூண்டுலோயாவில் பழனியாண்டி என்று ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். குடும்பப் படத்தில் பெரியவருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று மூத்த மருமகளுக்கும் இளைய மருமகளுக்கும் பெரிய இழுபறி. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த மனிதர், “நான் எந்திரிச்சுப் போறேன், நீங்க ரெண்டு பேரும் நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுக்கங்க” என்று சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நான் அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன். பெரிதாக்கி மாட்டப்போவதும் அதைத்தானாம்.

அதற்கு அடுத்த வாரம் இறம்பொடையில் ஒரு சோடி. பெண் ஜீவராணி, தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளைக்கு நுவரெலியா மரக்கறிச் சந்தையில் வேலை. நீர்வீழ்ச்சிச் சாரலில் சேலை நனைய நனைய, குளிரில் பல் கிட்டிக்கொண்டு, இரண்டு பேரும் சிரித்தபடி நின்றார்கள். நான் மாப்பிள்ளையின் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை, “அண்ணா, எங்க மூஞ்சி நல்லா இல்லையா, சட்டையவே பாக்குறீங்க” என்று கேட்டுவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. இப்போது யாரைப் படம் எடுத்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்பே கைதான் என் கண்ணில் படுகிறது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவன் நீதான்.

இடம் விட்டுப் படம் எடுப்பதை இந்த ஊரில் ஆரம்பித்து வைத்தது நீயும் நானும்தான். வெளிநாட்டுக்குப் போன புருஷனோ மகளோ இல்லாமல் குடும்பப் படம் எடுக்கச் சனங்களுக்கு மனம் வராது. ஆகவே அவர்கள் நிற்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றவர்களை நிறுத்தி நான் இங்கே எடுப்பேன். நீ அங்கே அந்த ஆளைத் தேடிப் போய், வெள்ளைச் சுவரில் சாய்க்காமல் நிறுத்தி, இடது பக்க வெளிச்சத்தில், நெஞ்சு உயரத்தில் கேமராவை வைத்து எடுத்து அனுப்புவாய். நான் வெட்டி ஒட்டிச் சேர்ப்பேன். நான்கு வருடத்தில் எத்தனை குடும்பத்தைச் சேர்த்திருப்போம். சனங்கள் படத்தைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கும்போது, நாம் செய்வது புண்ணியம் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அப்படி நிற்பவர்களுக்கு நடுவில் இடம் விட்டு நிற்கத் தெரியாது, உனக்கே ஞாபகம் இருக்கும். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் ஒருவரை ஒருவர் நெருங்கி வந்து இடைவெளியை மூடிவிடுவார்கள். அங்கே ஒரு விளக்குமாற்றை நிறுத்தி வைத்துத்தான் எடுப்பேன். என் அக்கா கிருஷாந்திக்கு மட்டும் விளக்குமாறு வேண்டியதில்லை. தர்ஷன் அத்தானின் தோள் அகலத்துக்குச் சரியாக இடம் விட்டு, அசையாமல் நிற்பாள். டோகாவுக்குப் போன ஆறு வருடத்தில் அவர் வந்து போனது ஒரே ஒரு முறை. திரும்பிப் போகும்போது உனக்கு வேலை எடுத்துக் கொடுத்து உன்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

அக்காவின் மகள், என் மருமகள் பிரியந்தி பெரியபிள்ளையான செய்தி உனக்குத் தெரியும். போன சனிக்கிழமை சடங்கு வைத்தோம். மண்டப வாசலில் வைக்க ஆறடி உயரத்தில் குடும்பப் படம் வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். பிரியந்தி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் அத்தானுக்கு இடம். நீயும் அவருடைய படத்தை அனுப்பினாய். நீலக் கோடு போட்ட சட்டை.

ஆறடிக்குப் பெரிதாக்கினால் ஊசித் துளைகூடத் தெரியும் என்று உனக்குத் தெரியாதா? முழங்கைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்துக்குச் சட்டைக் கோடு மட்டும் தப்பி ஓடியது. முதலில் துணி மடிப்பு என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். மேலே இருக்கிற கோட்டைப் பொட்டுப் பொட்டாக எடுத்துக் கீழே பூசியிருந்தாய். நுவரெலியாவில் றோலண்ட் மாஸ்டரிடம் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தத் தொழிலைப் படித்தவர்கள் நாம். நீ வலமிருந்து இடமாகப் பூசுவாய், ஓரத்தை இரண்டு தடவை மெழுகுவாய். உன் கைவேலை எனக்குத் தெரியாதா? நீ பூசிய இடத்துக்குக் கீழே நான்கு விரல்கள் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. ஓரத்தில் ஒரு நகத்தை விட்டுவிட்டாய், அரிசி அளவு. சிவப்புச் சாயம் பூசிய நகம்.

வெளிச்சமும் வலது பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. அது நமக்காக எடுத்த படமே இல்லை. யாரோ ஒருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ எடுத்துக் கொடுத்த சோடிப் படம். அவளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை என் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறாய்.

நீ அனுப்பிய பழைய படங்களையெல்லாம் திறந்தேன். போன தீபாவளிப் படத்தில் அத்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பார். அப்போது, ஏன் இப்படிக் கோணலாக நிற்கிறார் என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். இப்போது பார்த்தால், இடுப்பில் பிள்ளையைத் தூக்கியவர் நிற்கிற நிற்பு அது. பெல்ட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் நூலில் பின்னிய கால்மேசு ஒன்றின் விளிம்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கைக்குழந்தை காலில் போடுகிற மேசு. அந்த இடத்தை மறைத்தது யார் தெரியுமா? நான்தான். கோணல் தெரியக் கூடாது என்று அக்காவின் சேலைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டேன். அவளுடைய சேலையை எடுத்தே அவளுக்கு மறைத்திருக்கிறேன், ஜெரோஷன்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். நீ ஒன்றையும் மறுக்கவில்லை. “அது அவங்க குடும்ப விசயம்டா, நமக்கு எதுக்கு? கேட்ட படத்தக் குடுத்தோம், அவ்வளவுதான்” என்று சொன்னாய். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்காகிட்ட சொல்லிராத. எனக்கு வேல எடுத்துக் குடுத்தவரு அவரு” என்றாய். அத்தோடு போனை வைத்தவன்தான். உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பயந்துவிட்டான் என்று நினைத்திருப்பேன். நீ சும்மா இருக்கவில்லையே. உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாகப் பூசியிருக்கிறாய்.

சடங்கு நல்லபடியாக நடந்தது. தாய்மாமன் நான், படம் எடுப்பவனும் நான். கழுத்தில் கேமரா, கையில் சீர்த்தட்டு என்று மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. வாசலில் பிரியந்தியின் தனிப் படத்தை மட்டும் வைத்தேன். அதை அச்சடித்ததும் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று அக்காவிடம் பொய் சொன்னேன். “பரவால்ல தம்பி, வீட்டுல மாட்டுறதுக்குப் பொறகு எடுத்துக்கலாம்” என்றாள். மேடையில் வைத்து அத்தான் வீடியோவில் பேசினார். “அப்பா, போனத் திருப்புங்க, ரூமப் பாக்கணும்” என்று பிள்ளை கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப எடுப்பார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

அக்காவிடம் சொல்லவா வேண்டாமா என்று தெரியாமல்தான் இதை எழுத ஆரம்பித்தேன். நீயே அவளுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிட்டால் உனக்கும் நல்லது. செவ்வாய்க்கிழமை இது உன் கைக்குக் கிடைக்கும் வரைக்கும் நான் அவளிடம் சொல்லாமல் பார்க்கிறேன்.

ஜூன் 8.

செவ்வாய் வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள். பிரிண்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். பக்கத்தில் அது அன்றைய படங்களைத் துப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் எனக்கு வரவில்லை. படத்தைத் திறந்து, சட்டைக் கையைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

நெடு நேரம் பார்த்தாள். அழுவாள், அத்தானைத் திட்டுவாள் என்று நான் தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது, “இத எடுத்ததும் ஜெரோஷன்தானா?” என்றுதான். ஆமாம் என்றேன். “அவனுக்குத் தெரியுமா?” என்றாள். தலையாட்டினேன். அப்புறம்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவரு மேல எனக்கு ரெண்டு வருசமாவே சந்தேகம் தம்பி. பேச்சே மாறிப் போச்சு. ஆனா ஜெரோஷன் படம் அனுப்புவான். எங் கையால சோறு தின்ன புள்ள, அக்கா அக்கான்னு அடுப்படி வரைக்கும் வந்தவன். அவன் எடுத்து அனுப்புற படத்துல இந்த மனுசன் ஒத்தையா நிக்கிறாரே, நாமதான் தப்பா நெனைக்கிறோம்னு என்னையவே திட்டிக்கிட்டு இருந்தேன்” என்றாள்.

எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் இது விளங்கவில்லை. அவள் காத்திருந்தது அத்தானை நம்பி இல்லை, உன்னை நம்பி. முத்துலிங்கம் சித்தப்பா கட்டாரிலிருந்து திரும்பி வந்தபோது, “ஒம் புருசன் அங்க தனியா இல்லை போல” என்று சாடையாகச் சொன்னாரே, அப்போது காம்பரா வீட்டுச் சுவரிலிருந்து எந்தப் படத்தைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்? நீ அனுப்பியதைத்தான். அன்றைக்கு முறிந்த பேச்சு. சடங்குக்குக்கூட அவருக்குச் சொல்லவில்லை.

இன்று காலை வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அக்கா சித்தப்பா காம்பராவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று, “என்னைய மன்னிச்சிருங்க சித்தப்பா” என்றாள். அவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “நான் அப்பவே சொன்னேன்னு சொல்ல மாட்டேன். உள்ள வா, தேத்தண்ணி குடி” என்றார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் அழுதாள்.

அத்தானிடம் அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், நாளைக்கு விடியப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்துக்குப் போகணும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பணும் என்கிறாள். இடம் விட்டு எடுக்கச் சொல்லி இந்த வாரம் இரண்டு குடும்பங்கள் வந்தன. இனி அப்படி எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு பெண் காரணம் கேட்டாள். ஆள் வந்த பிறகு வாருங்கள், சேர்ந்து எடுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். முகம் வாடிப் போனாள், பாவம்.

உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்து அக்கா ஒன்று கேட்கச் சொன்னாள். அந்தத் தீபாவளிப் படமும் இந்த நீலச் சட்டைப் படமும் நீ எடுத்தபடியே உன்னிடம் இருக்கும் அல்லவா? அந்தப் பெண்ணும் பிள்ளையும் எல்லோரும் இருக்கிற முழுப் படமாக அனுப்பு. அவள் சண்டைக்குப் போகப் போவதில்லையாம். தன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதுமாம். பிள்ளையின் பெயரையும் எழுதி அனுப்பு. என்றைக்காவது ஒரு நாள் பிரியந்தியிடம் சொல்லத்தானே வேண்டும், பேர் தெரியாமல் எப்படிச் சொல்லுவது என்று கேட்கிறாள்.

உன்னைத் திட்டி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கவும் சொல்லவில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், ஜெரோஷன். இந்த ஒரு தடவை மட்டும் எதையும் வெட்டாமல் அனுப்பு.

இப்படிக்கு,
கிருஷாந்தி அக்காவின் தம்பி,
லோஜன்.