நான் பார்க்காத கையெழுத்து

அன்பு மகள் ரொவீனாவுக்கு மெர்வ் சித்தப்பா எழுதுவது. அபர்தீன் குளிரில் உன் காதும் மூக்கும் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் சித்தி பெரிலும் சுகமே. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, ஊரெல்லாம் ஆலையின் வெல்ல வாடை. போன வாரம் என் உயரத்துக்கு ஒரு பாராமுண்டி மீன் பிடித்தேன், முழங்கை நீளம்தான் என்கிறாள் உன் சித்தி.

இனிமேல் எழுதுவதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை காலையில் ரொட்டிக்கடை வாசலில் மடக்கு மேசை போட்டு, சம்பளமில்லாத சமாதான நீதவானாக நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வந்தது உனக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு கரும்பு வெட்டப் போன என்னிடம் டாக்டரும் வக்கீலும் காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், வரிசை கசாப்புக்கடை வரை போகும். நாலு பேர், அதிலும் ஒருத்தர் ரொட்டி வாங்க வந்தவர் என்பாள் உன் சித்தி.

பிப்ரவரியில் பின்தெரு ஐல்சா அக்காவின் தங்கை மகன் டேரில் ஒரு பவர் பத்திரத்தோடு வந்தான், அக்காவின் சொத்து முழுக்க இவன் கைக்குப் போகிற பத்திரம். கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது. எழுதிக் கொடுப்பவரை எதிரில் உட்காரவைத்து, கூட வந்தவர்களை வெளியே அனுப்பி, எதைக் கொடுக்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்லச்சொல்லிக் கேட்டு, என் கண் முன்னால் கையெழுத்துப் போடவைக்க வேண்டும், அதுதான் முறை. டேரில், "பெரியம்மாவுக்கு முட்டி வலிண்ணே, கார்லயே இருக்காங்க. நீங்க முத்திரை வெச்சா பெரிய கோர்ட்டுலகூட எவனும் வாயத் திறக்கமாட்டான்" என்றான். எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எட்டிப் பார்த்தேன், கார் ஜன்னலில் அக்கா கையைக் காட்டினார், நானும் காட்டினேன். 'இவர் கையெழுத்துப் போடுவதைக் கண்டேன்' என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே முத்திரையை வைத்தேன்.

மே மாதம் அக்கா வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தது. அவரை டேரில் டவுன்ஸ்வில் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான் என்றார்கள். நானூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனேன். அக்கா புத்தி தெளிவாகத்தான் இருந்தார். "நான் எதுலயும் கையெழுத்துப் போடலியே மெர்வ். டாக்டர்கிட்டப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தான். நீ கையக் காட்டினே, நானும் காட்டினேன்" என்றார். அப்புறம், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று என்னிடமே கேட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் உன் சித்தி, "ஊர்ப்பட்ட கதை சொல்லுவியே, இத யார்கிட்ட சொல்லப்போற?" என்றாள். பிரமாணப் பத்திரம் எழுத உட்கார்ந்தேன். அன்றைய வெயில், கூட்டம், டேரிலின் தேன் பேச்சு எல்லாம் சேர்ந்து நாலு பக்கம் வந்தது. அவள் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி: அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக முத்திரை வைத்தேன்.

அதற்கும் சாட்சி வேண்டுமே. புதன்கிழமை நூலகத்தில் உட்காரும் நோலீனிடம் போனேன், அவளும் என்னைப்போல நீதவான்தான், முப்பது வருஷப் பழக்கம். ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டாள். "என்ன நோலீன், என்னையே தெரியலையா?" என்றேன். "தெரியும். எடு" என்றாள். இரண்டு தடவை படித்தாள். எல்லாம் உண்மையா என்று கேட்டாள், உண்மை என்றேன். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அவள் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அக்காவுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது.

அந்த இரண்டு வரி போய்ச் சேர்ந்ததும், பவர் தகராறுகளைப் பார்க்கிற விசாரணை மன்றம் பவரை நிறுத்தி வைத்துவிட்டது, விற்பனையும் நின்றது. பலகையை நானே பிடுங்கினேன் என்று எழுதத்தான் ஆசை, பிடுங்கியது வீட்டுத் தரகர். டேரில் மேல் போலீஸில் புகார் போயிருக்கிறது, என் மேலும் விசாரணை வரும். வியாழக்கிழமை அக்காவைக் கூட்டிவரப் போகிறோம். போனில், "மன்னிச்சிட்டேன்னு சொல்லமாட்டேன் மெர்வ். வந்து கூட்டிட்டுப் போ" என்றார். அது போதும்.

முத்திரை வைத்துத் தரச்சொல்லி நீ தபாலில் அனுப்பிய பட்டச் சான்றிதழின் நகல் வந்தது. அசல் இல்லாமல் யாரும் அதில் முத்திரை வைக்கக்கூடாது, சொந்தக்காரன் நான் வைக்கவே கூடாது. அங்கேயே முத்திரை வைக்கிறவர்களிடம் அசலை எடுத்துக்கொண்டு நேரில் போ, அவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திரு, அவசரப்படுத்தாதே. நீ செய்கிற வேலையில் உன் பெயர் சுத்தமாக நிலைக்கட்டும், நன்றாக இரு மகளே. சித்தி முத்தம் அனுப்புகிறாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பெயருக்குப் பின்னால் பதவியையும் சேர்த்தே எழுதிவந்தேன். முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் சித்தப்பா,
மெர்வின் டிரான்டர்