காலியாக இருக்கும் இடது சீட்டு

ஏனுங்க மாமா,

நல்லா இருக்கீங்களா? அத்தைக்குக் கால்வலி தேவலையா? யானை மறுபடி தோப்புக்குள்ள வந்துச்சாமா. தனியா டார்ச் எடுத்துட்டுப் போகாதீங்க. போன்ல பேசுனா பாதியில சிக்னல் போயிருது, அதான் எழுதறேனுங்க.

அயர்லாந்துல வாங்குன காரை இங்க ஜெர்மனிக்குக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தேனில்லீங்க, அதுக்கு இந்த ஊர் நம்பர் கிடைச்சிருச்சு. இங்க வண்டியெல்லாம் ரோட்டுல வலது பக்கம் போறதால முன் லைட்டை மாத்தச் சொன்னாங்க, மாத்திப்போட்டேன். ஸ்டியரிங் மட்டும் நம்மூர் மாதிரி வலது பக்கமே இருக்குது.

நேத்து கடைக்குப் போனேன். பார்க்கிங் வாசல்ல டிக்கெட் குடுக்கற மெஷின் இடது பக்கம் இருந்துச்சு. பெல்ட்டைக் கழட்டிச் சாஞ்சு பாத்தும் கை எட்டலை. பின்னாடி வண்டிக வரிசையா நின்னுபோச்சு. கடைசில பின்னாடி வண்டியில இருந்த அம்மா இறங்கி வந்து டிக்கெட்டை எடுத்துக் குடுத்தாங்க.

"தனியாவா வந்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"வீட்டுக்காரர் அடுத்த மாசம் வந்துருவாருங்க"ன்னு சொல்லிப்போட்டேன். நீங்க இன்னும் தேதியே சொல்லலைங்கறதை அவங்ககிட்டச் சொல்லலை.

அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வண்டியை நிறுத்தினப்புறம் கொஞ்ச நேரம் இறங்கத் தோணலை. வேற ஒண்ணுமில்லீங்க.

கொள்ளும், அத்தை அரைச்ச சாம்பார் பொடியும் அனுப்பி விடுங்க. தோப்பைக் குத்தகைக்குக் கேட்டவர்கிட்டப் பேசுனீங்களா? அது முடிஞ்சாத்தானே நீங்க இங்க கிளம்பி வர முடியும். அவசரப்படுத்தலை. டூட்டிக்கு நேரமாச்சு, கிளம்பறேன். இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு, உங்க ஸ்வெட்டர் அளவு எழுதுங்க, வாங்கி வெச்சர்றேன்.

உங்க தாரணி