சூசையப்பரைக் கேட்டார்களா?

என் மகளின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

நேற்று மறைக்கல்வி வகுப்பில், மாதா சூசையப்பரை மணந்த பிறகும் எப்பொழுதும் கன்னி என்று சொல்லிக்கொடுத்தேன். "அப்ப இயேசுவோட சகோதரர்கள்னு பைபிள்ல வருதே?" என்றான் ஒருவன். "உன் சித்தப்பா பையனை நீ தம்பின்னுதானே கூப்பிடுற?" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

பிறகு நம் மகள் எழுந்தாள். "சூசையப்பரை யாராவது கேட்டாங்களாம்மா?"

"வானதூதர் கனவுல வந்து அவருக்கு எல்லாம் சொன்னாருடி" என்று சமாளித்தேன். உங்களுக்கு யார் சொன்னார்கள்?

அவள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி மாதாவைப் போலவே இருப்பேன் என்று நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்தேன். உங்களைக் கேட்டுச் செய்யவில்லை, செய்துவிட்டுச் சொன்னேன். தலையாட்டினீர்கள். ஒன்பது வருடமாக ஹாலில் படுக்கிறீர்கள்.

மாதாமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. என்மேல்தான். பொருத்தனையை முறிக்கப் பயம், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. தொடரவும் கூசுகிறது. ஃபாதரிடம் கேட்கும் முன் உங்களிடம் கேட்கிறேன்: உங்களுக்கு இதில் சம்மதமா?

சம்மதம் என்றாலும் அழுவேன், இல்லை என்றாலும் அழுவேன். எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கம் இருப்பவள்