சென்னை மியூசியத்துக்குப் போக நான் பார்த்த நாள்

ஆவணி 12, புதன்.

நாளை மறுநாள் சென்னை மியூசியத்துக்குப் போவதாக இருந்தது. இல்லையென்று ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

அவர் சனிக்கிழமை லீவு போடுறேன் என்றார். முதல்முதலாக அங்கே இருக்கிற வெண்கல நடராஜரைப் பார்க்கப் போகிறோம், வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டும் வந்தார். இன்று சாயங்காலம் பெண் போனைப் பார்த்துவிட்டு, "யம்மா, வெள்ளிக்கிழமை அங்க லீவு" என்கிறாள்.

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கதவு தொறக்குமான்னு பாக்காம கிழமை பாத்திருக்கா உங்கம்மா" என்று அவளிடம் சொன்னார். பிறகு என்னிடம், "அது இன்னா கோயிலாடி? நம்ம ஊரு கோயில்ல இல்லாத நடராஜரா?"

கோயிலில் பட்டும் மாலையும் சாத்தி முகம் மட்டும்தான் தெரிகிறது. இத்தனை வருஷமாகக் கும்பிடுகிறேன், அந்தத் தூக்கிய பாதத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்ததில்லை. லைப்ரரிப் புத்தகத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

லீவை மாற்ற முடியாதாம். தீபாவளி போகட்டுமாம். போன வருஷமும் இதையேதான் சொன்னார்.

"அப்ப சனிக்கிழமை நானே பஸ் ஏறிப் போறேன்" என்றேன்.

"எறங்கி எந்தப் பக்கம் போவ?"

"வாய் இருக்குது, கேட்டுக்கறேன்."

விழுப்புரம் தாண்டி நான் தனியாகப் போனதே இல்லை. பெண் பஸ் நேரம் தேடிக்கொண்டிருக்கிறாள். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் எழுப்பவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.