மாப்பிள்ளைக்குக் கிடைத்த சம்மதங்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைப் பூட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். கதவைத் தள்ளியதும் அந்த நெடி வந்தது. முந்திரிக்கொட்டை வறுத்த புகை. நாம் வறுத்தது ஒரே பருவம், அதுவும் அரைகுறையாக. சுவர் இன்னும் மறக்கவில்லை.

நாளை உங்கள் தம்பி பேங்க் மேனேஜரோடு வருகிறார். கொட்டகையையும், என் அப்பா எனக்குக் கொடுத்ததில் மிஞ்சியிருக்கும் முந்திரிக் கொல்லையையும் அடகு வைத்து மறுபடி அதே தொழிலாம். "புதுசா ஒண்ணும் வேணாம் அண்ணி. அண்ணன் எழுதுன அறிக்கையே இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்கிறார். இந்தக் கொல்லையும் போனால் எனக்கென்று எதுவுமில்லை.

அந்த அறிக்கை எப்படி உருவானது என்பது நம் இருவருக்குத்தான் தெரியும். அரியலூர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கக் கிளம்பினீர்கள். கொட்டை கிடைக்குமா என்று விசாரித்து எழுதி வரச் சொன்னார்கள் பேங்கில். என்னையும் கூட்டிக்கொண்டு நீங்கள் விசாரிக்கப் போன இடம், உடையார்பாளையம் பக்கத்தில் நான் பிறந்த ஊர். வீட்டுக்கு வீடு காபி கொடுத்தார்கள். "கொட்டைய எங்களுக்கே குடுப்பீங்களா?" என்று கேட்டீர்கள். "மாப்ளைக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறோம்? மொதல்ல எலையில உக்காருங்க" என்றார் என் பெரியப்பா. அதுவும் அறிக்கையில் மூட்டைகளாக ஏறியது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். "எங்க ஊர்ல மாப்பிள்ளைக்கு இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. கெணத்தக் கேட்டாலும் எடுத்துக்கங்கம்பாங்க. பூ எடுக்கையிலேயே வியாபாரி கொல்லையக் குத்தகைக்குப் புடிச்சிடுறாரு. அதக் கேட்டீங்களா?"

நீங்கள் முன்சீட்டுக்காரரைத் தட்டி, "பி.ஏ. பொருளாதாரம் பேசுது, கேட்டீங்களா சார்?" என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பருவம் வந்தது. நீங்கள் அனுப்பிய வண்டி வெறுமனே திரும்பியது. என் கொல்லையில் விளைந்ததை மட்டும் வறுத்தோம். பெரியப்பாவே நேரில் வந்தார். "தை மாசமே குத்தகைக்கு வுட்டுட்டேன் மாப்ளே. ஒங்க மொகத்தப் பாத்து எப்படி இல்லங்குறது?" அவர் பொய்யர் அல்ல. மரியாதைக்குச் சொன்னதை நீங்கள் சரக்காக எழுதியிருந்தீர்கள், அவ்வளவுதான்.

அப்போதும் சொன்னேன். "கொட்டை வியாபாரிகிட்ட இருக்கு. கொட்டகை நம்மகிட்ட இருக்கு. கூலிக்கு ஒடச்சுக் குடுப்போங்க." சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளினீர்கள். "அவன்கிட்டக் கூலிக்கு நிக்கவா ஆபீஸ் வேலைய வுட்டேன்?"

கொல்லையில் பாதி கடனுக்குப் போனது. கடைசிப் படுக்கையிலும் "ஒன் ஊர்க்காரனுங்க கவுத்துட்டானுங்க" என்றீர்கள். பஸ்ஸில் நான் சொன்னதை ஒரு நாளும் நீங்கள் நினைவுகூரவில்லை. தொழில் போனதுகூட ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது உடனே "சரி" என்றால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அதனால்தான் இந்த மாதம் நான் யார் வீட்டுப் பெண் என்று தெரியாத ஊர்களாகப் பார்த்துப் போய்வந்தேன். கொல்லைக்காரர்களிடமும் கொட்டை உடைக்கும் பெண்களிடமும் விசாரித்தேன். "கொட்டையா? ஒனக்கெல்லாம் கெடைக்காது, போம்மா" என்றார் ஒருவர், எழுந்திருக்கக்கூட இல்லை. அந்த வார்த்தையை நம்பி ஒரு தொழிலைத் திட்டமிடலாம். வியாபாரியிடம் மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, உடைக்க ஆளும் இடமும் போதவில்லை என்பதையும் அவரே எரிச்சலோடு சொன்னார்.

உங்கள் தம்பியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் தெரியாது. நாளை அவர் மேனேஜரோடு வந்து இறங்கும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஜெயங்கொண்டத்தில் அந்த வியாபாரியின் கடையில் நின்று, கூலிக்கு உடைத்துத் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். யார் சம்சாரம் என்று கேட்டால் உங்கள் பெயரைத் தயங்காமல் சொல்வேன்.