ஜப்பான்காரரின் மூன்றாம் பகுதி

1942 மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். மலைப்பக்கம் மட்டும் மேகம், மழை இல்லை. ஜப்பான் பத்திரிகையாளர் வாழ்க்கை, மூன்றாம் பகுதி எழுத உட்கார்ந்தேன். முதல் பகுதி: மந்திரிகளைக் கிண்டல் செய்து சிறை போனது. இரண்டு: அதே மந்திரிகளிடம் உத்தியோகம். இரண்டும் அண்ணனின் வார இதழில் வந்துவிட்டன. பாக்கி, கடைசிக் காலத்தில் அவர் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடம். அதற்காகத்தான் எழுதவே ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய் இல்லை, பகலில்தான் எழுத வேண்டும்.

மார்ச் 4, புதன்

ராஜபாளையத்திலிருந்து மத்தியான பஸ்ஸில் அண்ணன். பத்திரிகையைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டானாம். சர்க்கார் வேலை. யுத்தப் பிரசாரம், ஜில்லாப் பத்திரிகைகளை அச்சுக்கு முன் பார்ப்பது. உப்புக்காக ஜெயிலுக்குப் போனவன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே சர்ச்சுல முன்பெஞ்சு நமக்குத்தான்."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். அவனே ஆரம்பித்தான். "என்னட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒன் ஜப்பான்காரரு போகலியா? வெளிய நின்னு கத்துறதவிட உள்ள போயி ஒரு கதவத் தொறக்கலாம்னு நெனச்சாருன்னு நீதான எழுதுன? ரெண்டு தடவ படிச்சேன்."

நான் பார்த்து எழுதும் மிஷன் நூலகத்துப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. உத்தியோகத்தில் சேர்ந்தார் என்பதோடு சரி. காரணம் இல்லாமல் அவரை அங்கே அனுப்ப மனம் வராமல் நானே எழுதியது.

மார்ச் 5, வியாழன்

தலைவலி. சுக்குக் காபி. ஜப்பான்காரர் அதிகாரத்தில் இருந்தபோது சில பத்திரிகைகள் மூடப்பட்டன என்று புத்தகத்தில் ஓரிடத்தில் வருகிறது. போன மாதமென்றால் விட்டிருப்பேன். சேர்த்தேன். சாயங்கால பஸ்ஸில் அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 7, சனி

புழுக்கம். அண்ணன் புதுக் கோட்டோடு வந்தான். கையில் என் கட்டுரையின் அச்சுப் புரூப். அவன் பார்வைக்கு வந்த முதல் தாள் அதுதானாம்.

"ரங்கூன்லருந்து நம்ம ஆளுக நடந்தே வாராக. இப்பப் போயி ஜப்பான்காரனப் புகழ்ந்து அச்சடிக்க முடியுமா?"

"புகழலியே அண்ணே. பத்திரிகைய மூடுனதையும் எழுதியிருக்கேன்."

"அது அதவிட மோசம்." தாளை என் பக்கம் தள்ளினான். "நான் கோடு போட்டு அடிச்சா நல்லாருக்காது பாப்பா. நீயே அடிச்சிரு."

"பள்ளிக்கூடமும் வேண்டாமா?"

"எல்லாந்தான்."

சிவப்புப் பென்சில். பள்ளிக்கூடத்தின் முதல் நாள் வரும் பக்கத்தில் முனை ஒடிந்தது. அவனே பொறுமையாகச் சீவிக் கொடுத்தான். அடித்து முடித்தேன்.

"தேங்க் யூ" என்றான். இந்த வீட்டில் யாரும் யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை.